அனுப்பியது எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு?

2020 ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடத்தைப் பிரதமர் காணொளி வழியாகத் தொடங்கி வைத்தார். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். 1,224 கோடி ரூபாய் செலவு. போர்ட் பிளேர் மட்டுமன்றி ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் எனத் தொலைவிலுள்ள தீவுகளும் அதன் இணைப்பில் அடங்கின. அதுவரை செயற்கைக்கோள் வழியே சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த இணையம் இனிப் பாய்ந்து வரும் என்றார்கள். பள்ளிகள் மூடப்பட்டு அப்போது ஐந்தாவது மாதம். மரைன் ஹில்லில் எங்கள் குடியிருப்பில் அன்று மாலை பேச்செல்லாம் இதுதான்: இனிப் பிள்ளைகளின் படிப்புக்குக் குறையில்லை. நானும் அப்படியே நம்பினேன். அடுத்த கிளைக் கூட்டத்தில் அப்படியே பேசவும் செய்தேன்.

அந்த நம்பிக்கை பிழையென உணர எனக்கு ஓராண்டு ஆயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்ட தொலைநிலைக் கல்வி உண்மையில் என்ன பயன் தந்தது என்ற கேள்வியை நாடு முறையாகக் கேட்டுக்கொள்ளாமலேயே ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆட்சியாளர்கள் அதைச் சாதனைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நாமோ அதை டிஜிட்டல் ஏற்றத்தாழ்வு என்ற ஒற்றைத் தொடரில் கண்டித்துவிட்டு அடுத்த போராட்டத்துக்குச் சென்றுவிட்டோம். இரண்டும் போதா.

மரைன் ஹில்லில் ஒரு கணக்கு

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளைவுகள் கீழே இறங்கினால் ஒரு தொழிலாளர் குடும்பம். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் தந்தைக்கு வேலை. தாய் மீன் விற்பவர். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. மகன் படிப்பது தமிழ்வழியில். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் தந்தையோடு கப்பலேறிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை அவர் கரைக்கு வரும்போது, வாட்ஸ்ஆப்பில் குவிந்து கிடக்கும் பாடங்களைப் பிள்ளைகள் இரவில் அடித்துப் பிடித்துப் பார்ப்பார்கள்.

இத்தகைய குடும்பங்களைக் கண்டறிந்து, பழைய போன்களைத் திரட்டி, பழுது நீக்கி, பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுத்தோம். பெருமையுடன் அறிக்கையும் எழுதினோம். அறிக்கையை எழுதியவன் நான்தான்: “பன்னிரண்டு வீடுகளின் குழந்தைகளுக்கு இணையவழிக் கல்வி கிடைக்க வழிசெய்யப்பட்டது.”

அடுத்த ஆண்டு ஒருநாள் அந்தத் தாய் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, நீங்க கொடுத்த போன் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவனுக்குப் படிப்புதான் வரல.” பையனை அழைத்துத் தமிழ்ப் பாடநூலின் முதல் பக்கத்தைக் கொடுத்தேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். சேர்த்துச் சொல்லாக்க முடியவில்லை. இரண்டாம் வகுப்பு முடியும்போது ஓரளவு வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை அவன். அவனுக்கு வந்த காணொளிகளில் பெரும்பாலானவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அவன் அவற்றைத் திறந்து பார்த்தான். பார்த்ததற்கான குறி எங்கோ பதிவாகியிருக்கும். அவ்வளவுதான்.

அவனுடைய அக்காளின் நிலை வேறாக இருந்தது. அவளுடைய கணக்கு ஆசிரியை வாரத்தில் இரண்டு இரவுகள் அவளை நேரடியாக அழைத்துப் பேசினார். சாதாரண அழைப்புதான்; படமில்லை, திரையில்லை. முந்தைய வாரம் கொடுத்த கணக்கைச் சொல்லச் சொல்வார். எங்கே தடுமாறுகிறாள் என்று கேட்டு அந்த இடத்தில் நிறுத்தி விளக்குவார். அந்தப் பெண் பின்தங்கவில்லை.

ஒரே வீடு, ஒரே போன், ஒரே வடம். ஒருத்தி கற்றாள், ஒருவன் இழந்தான். வயதும் வகுப்பும் வேறு என்பது உண்மை. ஆயினும் அழைத்துப் பேச ஓர் ஆசிரியர் இருந்ததும் இல்லாததுமே பெரிய வேறுபாடு என்று எனக்குப் பட்டது. இது ஒரு வீட்டின் கதை மட்டுமா, நாட்டின் கதையா என்றறிய ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஒரு சொல்லுக்குள் இரண்டு வினைகள்

ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குவது என் கட்சிப்பணி. கல்வி தொடர்பான ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் ‘ரீச்’. இத்தனை கோடிக் குழந்தைகளை இத்திட்டம் ‘சென்றடைந்தது’ என்று நான் ஆண்டுக்கணக்கில் மொழிபெயர்த்திருக்கிறேன். தமிழில் அது இரண்டு வினை. செல்வது ஒன்று, அடைவது மற்றொன்று. செல்வதை அனுப்புகிறவர் எண்ணலாம். அடைந்ததா என்பதைப் பெறுகிறவரிடம் போய்த்தான் கேட்க வேண்டும். பெருந்தொற்றுக் கால அறிக்கைகள் பலவும் சென்றதை எண்ணிவிட்டு, அடைந்ததாக எழுதின.

யுனிசெஃப் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட மதிப்பீட்டைப் பாருங்கள். உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நிலையில், குறைந்தது 46.3 கோடிக் குழந்தைகளுக்குத் தொலைநிலைக் கல்வி எட்டவில்லை என்றது அது. அதிர்ச்சியூட்டும் எண்தான். ஆனால் எட்டியவர்களாக எண்ணப்பட்டவர்கள் யார்? வீட்டில் வானொலியோ தொலைக்காட்சியோ இணையமோ இருந்து, அவர்களுடைய வகுப்புக்கு அரசு ஒரு திட்டமும் வைத்திருந்தால் அவர்கள் எட்டக்கூடியவர்கள். கருவி இருந்தும் கற்காதவர்களைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகவே இருக்கும் என்பதை யுனிசெஃப்பே ஒப்புக்கொண்டது. மரைன் ஹில் பையன் அந்தக் கணக்கின்படி எட்டப்பட்ட குழந்தைதான்.

இந்தியாவில் 2020 செப்டம்பரில் தொலைபேசி வழியே எடுக்கப்பட்ட ‘அசர்’ ஊரகக் கணக்கெடுப்பு இதைவிடக் கூர்மையான ஒன்றை வெளிப்படுத்தியது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018இல் 37 விழுக்காட்டுக்கும் குறைவு. 2020இல் அது ஏறத்தாழ 62 விழுக்காடாக உயர்ந்திருந்தது. கருவி பெருகிற்று. ஆயினும் கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் பள்ளியிடமிருந்து ஏதேனும் பாடப்பொருள் பெற்ற குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. பெறாதவர்களிடம் காரணம் கேட்டபோது, ஸ்மார்ட்போன் இல்லை என்றவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். பள்ளி எதையும் அனுப்பவில்லை என்றவர்கள் மூன்றில் இரண்டு பங்கினர்! போன் இல்லாதவர்களைவிட, கேட்க ஆளில்லாமல் விடப்பட்டவர்களே மிகுதி.

ஜான் டிரீஸ், ரீத்திகா கேரா ஆகிய பொருளியலாளர்களின் ஒருங்கிணைப்பில் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பிரதேசங்களிலும் ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடையே நடந்த கள ஆய்வு, வேண்டுமென்றே ஏழை மக்கள் வாழும் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தது. இணையவழியில் முறையாகப் படித்துக்கொண்டிருந்த குழந்தைகள் ஊரகத்தில் 8 விழுக்காடு, நகரத்தில் 24 விழுக்காடு. ஊரகத்தில் 37 விழுக்காட்டினர் அறவே படிக்கவில்லை. ஊரகத் தலித், பழங்குடிக் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் முறையாக இணையத்தில் படித்தவர்கள் 4 விழுக்காடே. ஸ்மார்ட்போன் இருந்த ஊரக வீடுகளில்கூட இது 15 விழுக்காட்டைத் தாண்டவில்லை. காரணம், எங்கள் கப்பல் தொழிலாளியின் வீட்டில் நாங்கள் கண்டதுதான்: போன் உழைப்பவரின் சட்டைப்பையில் இருந்தது, பிள்ளையின் கையில் இல்லை. சாதியும் வர்க்கமும் அலைக்கற்றைக்குள்ளும் நுழைந்துவிட்டன.

அழைப்பும் குறுஞ்செய்தியும்

பேரிடர்க் காலத்தில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கப்படுகிறது. நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லும் சோதனைகள் வளரும் நாடுகளில் நடந்தன.

தென்னாப்பிரிக்காவை ஒட்டியுள்ள போட்ஸ்வானாவில் 4,500க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் சென்றன. இன்னொரு பகுதிக்குக் குறுஞ்செய்தியோடு, பயிற்றுநர் ஒருவர் வாரம் ஒருமுறை அழைத்துப் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து வைத்துப் பதினைந்து, இருபது நிமிடம் பேசினார். மூன்றாம் பகுதிக்கு எதுவும் இல்லை. இறுதியில், அழைப்புப் பெற்ற குழந்தைகளின் கணக்குத் திறன் தெளிவாக உயர்ந்திருந்தது. குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. அனுப்பப்பட்ட கணக்கு ஒன்றுதான். கேட்கும் ஒரு மனிதக் குரல் உடனிருந்ததே வேறுபாடு.

இம்முறையைப் பின்னர் இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளில் சோதித்தார்கள், பயன் உறுதிப்பட்டது. அச்சோதனைகளில் நமக்கு முதன்மையான செய்தி ஒன்றுண்டு. சில இடங்களில் தொண்டு நிறுவனப் பயிற்றுநர்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் தனித்தனியே அழைத்துக் கற்பித்தார்கள். விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அரசு ஆசிரியரால் ஆகாது, தனியார் வந்தால்தான் ஆகும் என்ற வாய்ப்பாட்டை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அதே வேளையில் அழைப்பை மந்திரமாக்கிவிடக் கூடாது. எபோலா தொற்றின்போதே வானொலிப் பள்ளி நடத்திய அனுபவமுள்ள மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில், கோவிட் காலத்தில் ஆசிரியர்களின் தொலைபேசி அழைப்புத் திட்டம் ஒன்றை ஆராய்ந்தார்கள். பிள்ளைகள் கல்வி தொடர்பான செயல்களில் ஈடுபடுவது கூடியது. தேர்வில் மதிப்பெண் கூடவில்லை. வாரத்தில் ஓர் அழைப்பு பள்ளிக்கு ஈடாகிவிடாது என்பதையே இது காட்டுகிறது. ஒவ்வொரு திட்டத்தையும் பிள்ளை கற்றதா என்று தனியே சோதித்துத்தான் மதிப்பிட வேண்டும். பயன் தரவில்லை என்று தெரிந்ததை வெளிப்படையாக எழுதினார்களே, அந்த நேர்மை நம் ஒன்றியக் கல்வி அமைச்சகத்துக்கு வாய்க்கவில்லை.

கேரளமும் தமிழ்நாடும்

2020 ஜூன் 1ஆம் நாளே கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. அந்த முதல் நாளிலேயே, வகுப்பைப் பார்க்க வழியின்றித் தவித்த ஒரு தலித் மாணவி மலப்புரம் மாவட்டத்தில் உயிரிழந்தாள். தொலைக்காட்சியோ ஸ்மார்ட்போனோ இல்லாத மாணவர்கள் ஏறத்தாழ 2.6 லட்சம் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் வீடுவீடாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திரட்டியது. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுக் கற்றல் மையங்கள் திறக்கப்பட்டன. பெருமைப்படத்தக்க பணி. அதில் நான் பாடமாகக் கொள்வது பெட்டிகளின் எண்ணிக்கையை அன்று. பிள்ளைகளை ஒரு கூரையின் கீழ் அமர்த்தி, பக்கத்தில் ஒரு பெரியவரை உட்கார வைத்த அந்தப் பொது மையங்களையே.

தமிழ்நாட்டில் முதல் எட்டு வகுப்புகளுக்குப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாத இடைவெளி. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, காணொளிகள் இருந்தன. இருந்தும் இழப்பு எவ்வளவு என்பதை அபிஜித் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் அளந்தார்கள். 2019இல் அதே வயதுக் குழந்தைகள் இருந்த நிலையோடு ஒப்பிட, 2021 டிசம்பரில் கணக்கிலும் மொழியிலும் பெரும் பின்னடைவு, கணக்கில் கூடுதல். அடுத்த ஆறு மாதங்களில் அந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பயன் என்று அவர்கள் கண்டறிந்தார்கள்.

இந்தக் கணக்கை இரு பக்கமும் திருப்பிப் படிக்க வேண்டும். இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது நமது முகாமிலேயே ஐயங்கள் எழுந்தன. தன்னார்வலர் என்ற பெயரில் யார் நுழைவார்கள், இது தேசியக் கல்விக் கொள்கையின் பின்வாசலா என்றெல்லாம் கேட்டோம். கேட்டது தவறன்று. ஆனால் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலைதோறும் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்த, பெரும்பாலும் பெண்களான, அந்த இரண்டு லட்சம் பேரின் உழைப்பு பயன் தந்தது என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் நமக்கு வேண்டும். அதே நேர்மையோடு அடுத்ததையும் சொல்வோம்: மாதம் ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்தில் அந்த உழைப்பு பெறப்பட்டது. மேலும், மீட்சியின் பெரும்பங்கு பள்ளிக் கதவுகள் திறந்த பிறகே, ஆசிரியர் முன் பிள்ளை அமர்ந்த பிறகே வந்தது.

எங்கள் மலைச்சரிவிலும் சிறிய அளவில் இதையே கண்டோம். பி.எட். முடித்து வேலை கிடைக்காதிருந்த தோழர் ஒருவர் தன் வீட்டுப் படிக்கட்டில் ஐந்தாறு பிள்ளைகளை அமர்த்தித் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த மூன்றாம் வகுப்புப் பையன் நான்கு மாதத்தில் சொற்களைச் சேர்த்து வாசித்தான். நாங்கள் கொடுத்த போன் ஓராண்டில் செய்யாததை அந்தப் படிக்கட்டு செய்தது.

யார் கணக்கில் ஆதாயம்?

பிள்ளைகள் இழந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் ஒன்றிய அரசு என்ன செய்தது? 2020 மே மாதம் ‘பிஎம் இ-வித்யா’ அறிவிப்பு. ஒரு வகுப்புக்கு ஒரு தொலைக்காட்சி அலைவரிசை. ஜூலை 29 அன்று, நாடாளுமன்றத்தில் விவாதமின்றி, தேசியக் கல்விக் கொள்கைக்கு அமைச்சரவை ஒப்புதல். அதில் டிஜிட்டல் கல்விக்குத் தனி அத்தியாயம். 2022 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் பன்னிரண்டு அலைவரிசைகளை இருநூறாகப் பெருக்கும் அறிவிப்பு. முதல் பன்னிரண்டால் எந்தப் பிள்ளை என்ன கற்றது என்ற மதிப்பீடு எங்கே? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாக இயங்கும் நாட்டில், பல லட்சம் ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் நாட்டில், பெருகியது அலைவரிசைதான்.

இது அறியாமையால் நேர்ந்ததன்று. ஆசிரியருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தர வேண்டும். அவர் சங்கத்தில் சேர்வார், கோரிக்கை வைப்பார். காணொளியை ஒருமுறை எடுத்துவிட்டால் போதும். ‘அனுப்பினோம்’ என்பதை ‘கற்பித்தோம்’ என்று எழுத அனுமதித்தால், நாளை ஆசிரியர் பணியிடத்தை ஒழிப்பதற்கான சான்றாவணத்தை நாமே கையெழுத்திட்டுக் கொடுத்தவர்களாவோம். தொலைநிலைக் கல்வியின் மதிப்பீடு கல்வியாளர்களின் அக்கறை மட்டுமன்று, உழைக்கும் வர்க்கத்தின் அக்கறையும் ஆவது இதனால்தான்.

நாம் கேட்க வேண்டியவை

பள்ளிகள் இனி மூடப்படா என்று எவரும் உறுதி கூற இயலாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இத்தீவுகளில் பள்ளிகளை வாரிச் சென்றதை நாம் மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் பல தீவுகளில் எல்லாம் நிற்கும். எனவே அடுத்த முறைக்கான ஏற்பாட்டை இப்போதே கேட்டாக வேண்டும். சட்டமன்றமில்லாத இந்த ஒன்றியப் பிரதேசத்தில் அதைக் கேட்கும் வேலை அமைப்புகளின் தோளில்தான் விழுகிறது.

முதலாவது, அவசரகாலத் தொலைநிலைக் கல்வித் திட்டம் எதுவாயினும், எத்தனை பேர் வாசிக்கவும் கணக்குச் செய்யவும் கற்றார்கள் என்று அளக்கப்பட்டு, முடிவு வெளியிடப்பட வேண்டும். பதிவிறக்கங்களின் எண்ணிக்கையை மதிப்பீடாக ஏற்கக் கூடாது.

இரண்டாவது, ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். அதற்கான அழைப்புச் செலவும் பணிநேரமும் அரசின் பொறுப்பாக வேண்டும். ஆசிரியரின் சொந்தப் பணத்திலும் இரவு உறக்கத்திலும் அது நடக்கக் கூடாது. எங்கள் மாணவியின் கணக்கு ஆசிரியை அப்படித்தான் நடத்தினார்.

மூன்றாவது, குழந்தை பயிலும் மொழியிலேயே பாடம் செல்ல வேண்டும். தமிழும் தெலுங்கும் வங்காளமும் நிக்கோபாரியும் பேசும் வீடுகளுக்கு இந்திக் காணொளியை அனுப்பிவிட்டு, ஒரு நாடு ஒரு தளம் என்று முழங்குவது மோசடி.

நான்காவது, தன்னார்வலர்கள் துணையாக வரட்டும். காலிப் பணியிடத்துக்கு மாற்றாக வரக் கூடாது. படிக்கட்டில் பாடம் நடத்திய பி.எட். பட்டதாரிக்குப் பாராட்டுச் சான்றிதழைவிடப் பணி ஆணையே உரியது.

நமக்கும் ஒரு திருத்தம் உண்டு. கிளைகளின் அறிக்கைகளில் எத்தனை போன், எத்தனை நோட்டு, எத்தனை பெட்டி என்று எழுதுகிறோம். கொடுத்த ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு மீண்டும் போய்ப் பார்த்தோமா என்பதையும் இனி எழுதுவோம். பன்னிரண்டு வீடுகளுக்குப் போன் கொடுத்ததாக நான் எழுதிய அந்த அறிக்கை எங்கள் கோப்பில் இன்றும் இருக்கிறது. அதன் கீழே பின்னர் ஒரு வரி சேர்த்தேன்: “இவற்றில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் கற்றார்கள் என்பதை நாங்கள் உரிய காலத்தில் கேட்கவில்லை.” அரசிடம் கேட்கப்போகும் கேள்வியை முதலில் நம்மிடம் கேட்டுக்கொண்டு புறப்படுவோம், தோழர்களே.